புனிதர் மண்ணில் உறங்கும் பெயரில்லாக் குழந்தைகள்

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி மாவட்டத்தில், போர்ட்மகீ என்றொரு சின்ன மீனவர் ஊர் இருக்கிறது. கோடைக் காலைகளில் அதன் படகுத்துறையில் நிற்க இடம் இருக்காது. வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் ஸ்கெல்லிக் மைக்கேலுக்குப் போகிறவர்கள். கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலில் 218 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் பாறைத் தீவு அது. அறுநூறுக்கும் மேற்பட்ட கற்படிகள் ஏறிப் போனால், சாந்து இல்லாமல் கல் மேல் கல்லாக அடுக்கிக் கூம்பாக மூடிய துறவியர் குடில்களைப் பார்க்கலாம். ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் புயல் அவற்றைச் சாய்க்கவில்லை. 1996-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனாலும் உலகம் திரும்பிப் பார்த்தது 2015-லும் 2017-லும் வந்த இரண்டு ஸ்டார் வார்ஸ் படங்களில் அந்தப் பாறையைக் கண்ட பிறகுதான். இப்போது ஒரு நாளைக்கு 180 பேர்தான் அதில் இறங்கலாம். இடம் பிடிக்க முன்கூட்டியே பதிவு செய்து காத்திருக்கிறார்கள்.

அதே போர்ட்மகீக்கும் எதிர்க்கரை வாலன்சியாவுக்கும் நடுவே ஓடும் நீர்ப்பரப்பில் இன்னொரு தீவு இருக்கிறது. பெயர் இல்லான்லாகன். அரை ஏக்கர்கூடத் தேறாது. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் அங்கேயும் சில துறவிகள் வாழ்ந்தார்கள். 1990-களில் தொல்லியலாளர்கள் அகழ்ந்தபோது ஒரு சின்னக் கற்கோயில், சில குடில்கள், அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு பலகைக் கற்களைக் கூரைபோல் சாய்த்து நிறுத்திய ஒரு கல்லறைப் பேழை ஆகியவை வெளிப்பட்டன. பேழைக்குக் கீழே, வேறிடத்திலிருந்து தோண்டி எடுத்துக் கவனமாக மறுபடி அடக்கம் செய்த எலும்புகள். கூடவே கடற்சிப்பிகள், வெள்ளைப் பளிங்குக் கூழாங்கற்கள். அந்தத் தீவில் முதலில் குடியேறியவர்களை அவர்களுடைய சீடர்கள் புனிதர்களாக வைத்துக் கும்பிட்ட இடம் அது.

துறவிகள் போய்ப் பல நூற்றாண்டுகள் கழிந்த பிறகும் அந்தத் தீவுக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஞானஸ்நானம் பெறும் முன்பே இறந்துபோன பச்சைக் குழந்தைகளை அடக்கம் செய்ய வந்தார்கள்.

ஸ்கெல்லிக்குக்குப் போகவேண்டாம் என்று நான் யாரையும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அயர்லாந்தின் ஆதிக் கிறிஸ்தவத் தலங்கள் என்றால் ஸ்கெல்லிக், கிளெண்டலாக், க்ளோன்மக்னாய்ஸ் என்று ஐந்தாறு பெயர்களோடு நிறுத்திக்கொள்கிறோமே, அது சரியில்லை என்று உறுதியாகச் சொல்வேன். அரசின் பணமும் பலகையும் பாதுகாப்பும் முதலில் போகவேண்டிய இடங்கள் இல்லான்லாகன் போன்றவை. ஏனென்றால் இந்தப் புனிதர்களைக் காப்பாற்றியது கல் இல்லை. ஏழை எளிய சனங்கள் காப்பாற்றினார்கள்.

நான் அயர்லாந்தின் நடுப்பகுதியில், ஷானன் ஆற்றங்கரை நகரமான அத்லோனுக்கு அருகே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை செய்கிறேன். எங்கள் இல்லத்தில் இருப்பவர்கள் எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள். பிள்ளைகளின் பெயர் மறந்துபோனவர்கள்கூட ஊர்ப் புனிதரின் பெயரை மறப்பதில்லை. எந்த ஊர் என்று கேட்டால் கூடவே புனிதரையும் சொல்வார்கள், அவருடைய கிணறு எந்த வயலில் இருக்கிறது என்பதையும் சொல்வார்கள். புத்தகத்தில் படித்ததைவிட இரவுப் பணியில் இவர்களிடம் கேட்டதுதான் எனக்கு அதிகம்.

இந்தத் தீவில் கிறிஸ்தவம் வேர்விட்ட கதையை எல்லோரும் பேட்ரிக்கிடம் தொடங்குகிறார்கள். 431-லேயே போப் செலஸ்டின், பல்லாடியஸ் என்பவரை அயர்லாந்தின் விசுவாசிகளுக்கு ஆயராக அனுப்பிவிட்டார். அப்படியானால் அதற்கு முன்பே இங்கு விசுவாசிகள் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் பேட்ரிக்கின் குரல்தான் நமக்கு எழுத்தில் கிடைத்திருக்கிறது. பதினாறு வயதில் பிரிட்டனிலிருந்து கடத்தி வரப்பட்டு ஆறு ஆண்டுகள் அடிமையாக ஆடு மேய்த்தவர், தப்பிப்போய், பிறகு தன்னை அடிமையாக்கிய மக்களிடமே திரும்பி வந்தார். அவர் எழுதிய இரண்டு ஆவணங்கள் மிஞ்சியுள்ளன. ஒன்று அவருடைய வாழ்க்கை அறிக்கை. இன்னொன்று, புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களைக் கொன்றும் அடிமைகளாகப் பிடித்தும் போன கொரோட்டிகஸின் படையாட்களைக் கண்டித்து எழுதிய கடிதம். தானே அடிமைப்பட்டவர் எழுதிய கடிதம் என்பதால் அதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

ஆறாம் நூற்றாண்டில் மடங்கள் பெருகின. பெரிய கட்டடம் எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். வட்டமாக ஒரு மண்சுவர், நடுவில் ஓக் மரத்தால் ஒரு சிற்றாலயம், சுற்றிக் குடில்கள், ஒரு கிணறு, புதைமேடு. கற்கோயில்கள் எழுந்தது பிற்பாடு. கீழே படுத்திருக்கும் ஸ்தாபகர்தான் அந்த மண்ணுக்கு உரிமையாளர். அடுத்தடுத்து வரும் மடாதிபதிகள் அவருடைய வாரிசு என்றே அழைக்கப்பட்டார்கள். அவரது மணியும் கைத்தடியும் நூலும் அந்த உரிமையின் பத்திரம். அந்தப் பொருள்களைத் தலைமுறை தலைமுறையாகக் காக்கும் பொறுப்பு சில குடும்பங்களிடம் இருந்தது. இன்று டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் புனித பேட்ரிக்கின் இரும்பு மணியை மல்ஹாலண்ட் என்ற குடும்பம் நூற்றாண்டுக் கணக்கில் வைத்துக் காத்தது. மடமும் அரசும் மாறியும் அந்த வீட்டார் மணியைக் கைவிடவில்லை.

இந்தப் புனிதர்களுக்குப் பட்டம் கொடுத்தது ரோம் இல்லை. ரோம் முறைப்படி புனிதர் என்று அறிவித்த ஐரிஷ்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1190-ல் மலாக்கி, 1225-ல் கிளெண்டலாக் மடாதிபதியாக இருந்த லாரன்ஸ் ஓ'டூல், 1975-ல் ஆலிவர் பிளங்கெட் என்று சிலரே. மற்ற நூற்றுக்கணக்கானவர்களை ஊர்தான் புனிதர் என்றது. ஊர் சொன்னது நிலைத்தது.

எங்கள் பக்கத்தில் இருக்கும் க்ளோன்மக்னாய்ஸையே எடுத்துக்கொள்கிறேன். 544 வாக்கில் கீரன் என்ற தச்சர் மகன் ஷானன் கரையில் இதை நிறுவினார். வடக்கு தெற்காக ஆறு, கிழக்கு மேற்காக மேட்டு நிலத்தின் மேல் ஓடும் பெருவழி, இரண்டும் சந்திக்கும் இடம். நிறுவிய சில ஆண்டுகளுக்குள்ளேயே கொள்ளைநோயில் கீரன் இறந்துவிட்டார். வயது முப்பத்து மூன்று என்பது மரபு. அவர் போன பிறகுதான் மடம் வளர்ந்து மேற்கு ஐரோப்பாவின் பெரிய கல்விக்கூடங்களில் ஒன்றாயிற்று. புனிதமான இடம் என்பதால் அங்கே எல்லாம் அமைதியாக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். 764-ல் க்ளோன்மக்னாய்ஸ் ஆட்களும் டரோ மடத்து ஆட்களும் போரிட்டு, டரோ பக்கத்தில் 200 பேர் மாண்டதாக ஆண்டேடுகள் பதிவு செய்கின்றன. வைக்கிங்குகள் மட்டும் கொளுத்தவில்லை. 833-ல் மன்ஸ்டர் மன்னன் ஃபெலிமித் கொளுத்தினான், அவனும் ஒரு திருச்சபைக்காரன்தான். கடைசி அடி 1552-ல் விழுந்தது. அத்லோனில் இருந்த ஆங்கிலப் படை வந்து மணிகளிலிருந்து ஜன்னல் கண்ணாடிவரை அள்ளிப் போனது.

வாசகர்கள் அங்கே போனால் உயர்ந்த சிலுவைகளையும் உருளைக் கோபுரத்தையும் காட்டுவார்கள். பாருங்கள், பார்க்கவேண்டியவைதான். ஆனால் கதீட்ரலுக்கு அருகில் இருக்கும் கீரன் கோயிலுக்குள் கட்டாயம் குனிந்து நுழையுங்கள். உள்ளே நான்கு மீட்டர் நீளம்கூட இல்லை. கீரனின் கல்லறை இங்கேதான் என்பது நம்பிக்கை. வெளியே இருக்கும் தரையைவிட அதன் உள்தரை தாழ்ந்து கிடக்கும். காரணம், சுற்றுவட்டார உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அதன் மண்ணை ஒரு பிடி எடுத்துப்போய்த் தங்கள் வயலின் நான்கு மூலையிலும் இட்டுவந்தார்கள். பயிரையும் மாட்டையும் கீரன் காப்பார் என்று நம்பினார்கள். பிறகு அந்த உள்தரைக்குக் கல் பாவப்பட்டது. அதற்குப் பிறகு சனங்கள் வெளியிலிருந்து மண் எடுத்தார்கள். எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர், தன் அப்பா மண் எடுத்து வந்து இட்டதைச் சொல்லிக்கொண்டே கையை விரித்து நான்கு மூலையையும் காட்டினார். கட்டிலிலிருந்து எழ முடியாதவர். அந்த வயல் அவர் கையில் இருந்தது.

சற்றுத் தள்ளி, வயல்வெளிப் பாதையில் பத்து நிமிடம் நடந்தால் கன்னியர் கோயில் வரும். சுற்றுலாப் பேருந்தில் வருபவர்களில் பலர் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். 1167-ல் அதைக் கட்டிமுடித்தவர் டெர்வர்கில் என்ற பெண். 1152-ல் லென்ஸ்டர் மன்னன் டெர்மட் மெக்மரோ அவரைக் கொண்டுபோனதுதான் பகைக்கு வித்திட்டு ஆங்கிலேயரை அயர்லாந்துக்கு இழுத்து வந்தது என்று காலங்காலமாக அவர்மேல் பழி போட்டார்கள். அந்தக் கோயில் வாசலின் செதுக்கு வேலை முன்னால் நின்றால் அந்தப் பழி எவ்வளவு சின்னதென்று தெரியும்.

நர்ஸாக என் மனம் அதிகம் ஒட்டிக்கொண்டது கோப்னெட்டிடம். கார்க் மாவட்டத்தில் பாலிவோர்னி அவருடைய ஊர். ஒன்பது வெள்ளை மான்கள் மேயும் இடத்தைக் காணும்வரை நடந்துகொண்டே இரு என்று தேவதூதன் சொன்னதாகவும், அந்த இடத்தைக் கண்டு அங்கே மடம் அமைத்ததாகவும் கதை. தேனீக்களின் காவலர், நோயாளிகளின் காவலர். 1951-ல் 'கோப்னெட் வீடு' என்று ஊர் சொல்லிவந்த வட்டக் கட்டடத்தை அகழ்ந்தபோது அங்கே இரும்பு வேலை நடந்த தடயங்கள் கிடைத்தன. ஒவ்வொரு பிப்ரவரி 11-ம் தேதியும் அந்த ஊர்க்கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. இடைக்காலத்தைச் சேர்ந்த அவருடைய மரச்சிலையை வெளியே எடுத்து வைப்பார்கள். சனங்கள் ரிப்பன் கொண்டுவந்து, சிலையின் நீளத்துக்கு ஒருமுறையும் சுற்றளவுக்கு ஒருமுறையும் வைத்து அளப்பார்கள். அந்த ரிப்பன் வீட்டுக்குப் போகும். யாருக்காவது நோய் கண்டால் அவர்மேல் கட்டுவார்கள்.

எங்கள் இல்லத்தில் பாலிவோர்னிப் பக்கத்து அம்மா ஒருவரின் தலையணைக்கடியில் அப்படி ஒரு ரிப்பன் இருந்தது. நீலம் வெளுத்து நூலாகத் தொங்கும். படுக்கை மாற்றும்போது அதைத் தூக்கி எறிந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு புதுப் பணியாளருக்கும் நாங்கள் சொல்லிவைத்தோம். ரிப்பன் நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. மருந்து கொடுக்கிற கை எது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வலியில் கிடக்கும் ஒருவர் கைநீட்டித் தொட ஒரு பொருளைப் பாலிவோர்னி நூற்றாண்டுகளாகக் கொடுத்துவருகிறது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் ஒரு இரவு என்னோடு பணிக்கு வரட்டும்.

இனி அந்தக் குழந்தைகளைப் பற்றி.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் திருச்சபைச் சீர்திருத்தம் வந்தது. மறைமாவட்டங்கள் வகுக்கப்பட்டன. ஐரோப்பியத் துறவு சபைகள் வந்திறங்கின. 1142-ல் சிஸ்டர்சியர்கள் மெல்லிஃபாண்டில் மடம் கட்டினார்கள். பழைய சிறு மடங்கள் பல பாழடைந்தன. பதினாறாம் நூற்றாண்டில் மிஞ்சியவையும் கலைக்கப்பட்டன. ஊருக்கு ஊர் ஒரு பழைய வட்டம், இடிந்த சுவர், புனிதரின் பெயர், கிணறு மட்டும் நின்றன. குருவானவர் இல்லாத, ஆனால் புனிதம் போகாத மண். ஞானஸ்நானம் பெறாத குழந்தையைத் திருச்சபை அப்போது தன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய விடவில்லை. அந்தக் குழந்தை மோட்சமும் போகாது, நரகமும் போகாது, லிம்போ என்ற ஓர் இடத்தில் இருக்கும் என்று போதித்தார்கள். பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஊர்ப் புனிதரின் பழைய மண்ணுக்குக் கொண்டுபோனார்கள். ஐரிஷ் மொழியில் இந்த இடங்களைக் கில்லீன் என்கிறார்கள். நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் பதிவாகியுள்ளன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் இது நடந்தது.

இரவில் கொண்டுபோவார்கள். பெரும்பாலும் அப்பா மட்டும். தாய்க்கு இடம்கூடக் காட்டப்படாத வீடுகள் உண்டு. ஒரு கரட்டுக் கல்லோ வெள்ளைக் கூழாங்கல்லோ அடையாளம். மேற்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், பேச்சு குறைந்துபோன மனிதர், ஒருநாள் விடிகாலை என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஏழு வயதில் தன் அப்பாவோடு லாந்தர் பிடித்துக்கொண்டு போனாராம். அப்பா மரப்பெட்டியைக் கக்கத்தில் வைத்திருந்தாராம். குழி வெட்டும்போது லாந்தரைத் தாழ்த்திப் பிடி, வெளிச்சம் ரோட்டுக்குத் தெரியவேண்டாம் என்று மட்டும் சொன்னாராம். திரும்பி வந்து யாரும் அதைப் பேசவில்லை. தம்பியா தங்கையா என்பதுகூட அவருக்குச் சொல்லப்படவில்லை.

2007-ல் வத்திக்கானின் இறையியல் ஆணையம், இப்படிப்பட்ட குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப நல்ல காரணங்கள் உண்டு என்று அறிக்கை வெளியிட்டது. மனம் நிறைய வரவேற்கிறேன். ஆனால் லாந்தர் பிடித்தவர்களின் அப்பாக்கள் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தது வத்திக்கான் இல்லை. வரலாற்றில் பெயர்கூடச் சரியாக எழுதப்படாத ஒரு ஏழாம் நூற்றாண்டுத் துறவி தன் மண்ணில் இடம் கொடுத்தார். இதைவிடப் பெரிய புதுமை எந்தப் புனிதர் சரித்திரத்திலும் இல்லை என்பது என் முடிவு.

அயர்லாந்து இப்போது தன் இறந்த குழந்தைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறது. ஜார்லத் என்ற புனிதர் நிறுவிய துவாம் ஊரில், மணமாகாத தாய்மார்களை வைத்திருந்த பழைய இல்லம் ஒன்றில் இறந்த 796 குழந்தைகளின் இறப்புப் பதிவுகளை உள்ளூர் வரலாற்றாளர் கேத்தரின் கோர்லெஸ் தேடி எடுத்தார். 2025-ல் அந்த இடத்தில் அகழ்வு தொடங்கியது. துவாம் விஷயத்தில் விசாரணையும் நீதியும் வேண்டும். கில்லீன் விஷயத்தில் கேட்பது அதைவிட எளிது. ஒரு வேலி, ஒரு பாதை, ஒரு பலகை.

இதற்கு எதிராகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஸ்கெல்லிக் படகுகளால்தான் போர்ட்மகீயில் விடுதியும் கடையும் நடக்கின்றன என்கிறார்கள். உண்மை, அந்த வருமானத்தை யாரும் பறிக்கவேண்டாம். சின்ன இடங்களுக்குப் பலகை வைத்தால் கூட்டம் வந்து மிதிக்கும் என்றும் சொல்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. பல கில்லீன்கள் தனியார் வயலுக்குள் இருக்கின்றன. அவற்றை இத்தனை காலம் காத்தவர்களே அந்த உழவர்கள்தான். ஏர் ஓட்டும்போது அந்தத் துண்டை மட்டும் விட்டு ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் உழவர் மகன் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போன பிறகு, வாங்குகிறவருக்கும் பொக்லைன் ஓட்டுகிறவருக்கும் அங்கே கிடப்பது வெறும் கல்தான். பலகை இல்லாமல் காத்தது நினைவு. எங்கள் இல்லத்தில் அந்த நினைவு மாதத்துக்கு ஒன்றாக அணைவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2020 முதல் அயர்லாந்து அரசு சமூகத் தொல்சின்ன நிதி என்று ஒன்றை வழங்கிவருகிறது. ஊர்க்குழுக்கள் விண்ணப்பித்துத் தங்கள் பழைய கோயில், கல்லறை, கிணறு ஆகியவற்றைச் செப்பனிடலாம். நல்ல திட்டம். அதில் கில்லீன்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கவேண்டும். ஒவ்வொரு மாவட்ட மன்றமும் முதியோர் இல்லங்களுக்கு ஆள் அனுப்பி, லாந்தர் பிடித்தவர்கள் சொல்வதைப் பதிவு செய்யவேண்டும். இது அகழ்வாய்வைவிட அவசரமான வேலை. கல் காத்திருக்கும், தொண்ணூறு வயது காத்திருக்காது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 1807-ல் டல்லோ என்ற ஊரில் டேனியல் டெலானி என்ற ஆயர், புனித பிரிஜித்தின் பெயரால் ஒரு கன்னியர் சபையையும், அடுத்த ஆண்டு புனித பேட்ரிக்கின் பெயரால் ஒரு சகோதரர் சபையையும் தொடங்கினார். அந்தக் கன்னியர் சபைதான் 1993-ல் கில்டேரில், பிரிஜித்தின் மடத்தில் அணையாமல் எரிந்ததாகச் சொல்லப்படும் தீயை மறுபடி ஏற்றியது. அந்தச் சகோதரர் சபைதான் 1875-ல் சென்னைக்கு வந்தது. அடையாறில் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியை நடத்துவது அவர்களே. அந்தப் பள்ளியில் படித்த எத்தனையோ தமிழர் இன்று டப்ளினிலும் கார்க்கிலும் இருக்கலாம்.

அயர்லாந்தில் வாழும் தமிழர்களும், இங்கே சுற்றிப் பார்க்க வருபவர்களும் ஒரு நாளைச் சின்ன இடத்துக்கு ஒதுக்குங்கள். பிப்ரவரி 11 அன்று பாலிவோர்னிக்கு ஒரு ரிப்பனோடு போங்கள். செப்டம்பர் 9 கீரன் திருநாள், க்ளோன்மக்னாய்ஸுக்கு வாருங்கள், வந்தால் கன்னியர் கோயில்வரை நடங்கள். போர்ட்மகீயில் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இல்லான்லாகன் எது என்று உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள். வயலுக்குள் இருக்கும் கில்லீன் என்றால் நிலத்துக்காரரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். உள்ளே போனால் எந்தக் கல்லையும் நகர்த்தாதீர்கள், எந்தக் கூழாங்கல்லையும் எடுத்துவராதீர்கள். அது ஒரு குழந்தையின் கல்லறை.